ட்ரோன் நானாவும் சட்டையைத் தின்ற மானும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ட்ரோன் நானாவைப் போல ஒரு படப்பிடிப்பாளர் முன்னும் பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் ஏலாது. அவரிடம் ட்ரோன் கிடையாது. நீளத் தூண்டில் கம்பின் நுனியில் போனைக் கட்டி வானத்துக்கு உயர்த்துவார். கீழே நிற்பவர்கள் தங்கள் தலையைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் விளம்பரப் பகுதி. பகுதி என்றால் நான் ஒருவன்தான். முதலாளி பெண்களுக்குக் கடற்கரைக் கரப்பந்து, அதுதான் பீச் வாலிபோல், போட்டி நடத்தினார். முதல் வருசம் சனத்தைவிடக் காகம் அதிகம்.

"இந்த முறையும் சனம் வராட்டி, இனிப் பெடியளுக்கு மட்டும்தான்" என்றார்.

ஃபேஸ்புக்கில் போட வீடியோ வேண்டும், செலவு கூடாது. கிண்ணியாவிலிருந்து நானா வந்து இறங்கினார்.

இலங்கைத்துறை அணித் தலைவி சுகந்தியைக் கடற்கரையில் நிறுத்தினார்.

"சிரிக்காதீங்க. எதிரிய முறைச்சுப் பாருங்க!"

"எதிரி எங்க நானா?"

"எதிரிக்கு பட்ஜெட் இல்ல. கடலப் பாருங்க."

அவருடைய போனில் ஸ்லோ மோஷனும் இல்லை. "மெதுவாப் பாயுங்க!" என்றார்.

"மெதுவாப் பாய்ஞ்சா மேல நிக்க ஏலாது நானா!"

"முயற்சியே செய்யாமச் சொல்லாதீங்க!"

அந்த நேரம் கோட்டைப் பக்கம் அலைகிற மான்களில் ஒன்று வந்து, அணிக்கென்று முதலாளி கொண்டுவந்திருந்த புத்தம் புதுச் சட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது. முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடினார். நானா கம்போடு அவருக்குப் பின்னால்.

"முதலாளி, மெதுவா! வீடியோவுல முகம் விழுகுதில்ல!"

சுகந்தி குறுக்கே பாய்ந்து மணலில் விழுந்து சட்டையைப் பறித்தாள். கைப்பகுதி மானோடு போய்விட்டது.

"இந்த வீடியோவப் போட்டா நான் ஊருக்கே பகிடி" என்று முதலாளி மறித்தார்.

நானா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "உங்களப் பாத்துச் சிரிக்கத்தான் வருவாங்க முதலாளி. வந்தவங்கள எழும்ப விடாம அந்தப் புள்ளைகள் பாத்துக்கொள்ளும்."

முதலாளி சாரத்தை இறக்கிவிட்டு மணலைத் தட்டினார். "சரி, போடுங்கோ."

வீடியோ பரவி, போட்டியன்று தூரத்துப் புல்மோட்டையிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். முதல் ஆட்டம் முழுக்க "மான் எங்க?" என்று கத்தினார்கள். இரண்டாவதில் ஒருத்தரும் மானைக் கேட்கவில்லை.

கடைசிப் புள்ளிக்குச் சுகந்தி பாய்ந்தபோது நானாவைத் திரும்பிப் பார்த்தேன். கம்பு மணலில் கிடந்தது. அவர் கதிரை மேல் ஏறி நின்று, கண் கலங்கக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, வீடியோ!"

"சும்மா இருங்க தம்பி. பாக்க விடுங்க."

சுகந்தி எடுத்த வெற்றிப் புள்ளியின் வீடியோ எங்களிடம் இல்லை. அவர் கைதட்டியதை மட்டும் நான் என் போனில் எடுத்தேன். படம் முழுக்க ஆடுகிறது. அதை இன்னும் ஒருத்தருக்கும் அனுப்பவில்லை. நான் மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.