எலுமிச்சம்பழத்தைக் கண்டு பின்வாங்கிய லாரி

திருத்தணி,
ஆனி மாதக் கடைசி, 1974.

மதிப்பும் அதைவிட அதிகமாகப் பயமும் வைத்திருக்கும் பாவா ஜம்புலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை காஞ்சனாவின் கணவன் எல்லப்பன் தூரத்தில் இருந்தபடியே விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே காஞ்சனா சௌக்கியம், பிள்ளைகள் சௌக்கியம், லாரி சௌக்கியம். லாரியை ஏன் தனியாகச் சொல்கிறான் என்று தாங்கள் படுக்கையில் எழுந்து உட்கார வேண்டாம். புத்தூர்க் கட்டுப் போட்ட கால் அசையக்கூடாது. கட்டுப் பிரிக்கிறவரை புத்தூரிலேயே இருப்பதுதான் தங்கள் காலுக்கும் நல்லது, என் உடம்புக்கும் நல்லது.

லோடு மேலிருந்து விழுந்த அன்று வலியோடு வலியாக, “வண்டிய பாத்துக்க மாப்ளே” என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் மேடு ஏறும்போது அது க்ஷயரோகி மாதிரி இருமி வெள்ளையாகப் புகை விட்டது. மெக்கானிக் பரசுராமன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பம்ப் டைமிங் தள்ளிப் பூட்ச்சு சார்” என்றான். அதாவது டீசல் பம்ப் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நேரம் தப்பிவிட்டதாம். அதற்கு வைத்தியம், பம்பிலிருந்து ஒரு குழாயைக் கழற்றினால் டீசல் சொட்டும், அவன் பம்பை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே வருவான், சொட்டு நின்ற நொடியில் ஒருத்தன் சொல்ல வேண்டும், அங்கேயே போல்ட்டை முடுக்கிவிடுவான். அவன் தலை இன்ஜினுக்கு அடியில் இருந்ததால் சொட்டைப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. சொட்டைப் பார்க்க என்ன படிப்பா வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து டீக்கடை கோவிந்தம்மாள் வந்து, “சேதி தெரியுமாங்க? நம்ம ஆனந்தன் பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ண வேணான்னுட்டு, பொண்ணோட சித்திதான் வேணும்னு குந்திகினு கீறானாம்” என்றாள். பாவா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இதைக் கேட்காமல் இருக்க மனுஷனால் ஆகுமா? சித்திக்கு என்ன வயசு என்று விசாரித்துவிட்டுத் திரும்பினால் சொட்டு நின்றிருந்தது. எப்போது நின்றதோ, மலைமேல் இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம். “ஆங், நின்னுட்ச்சு!” என்று கத்தினேன். பரசுராமன் முடுக்கிவிட்டான்.

பூசை போடாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று காஞ்சனா ஒரே பிடிவாதம். ஷெட் மலையடிவாரத்தில்தானே இருக்கிறது, பூசாரி வந்து கற்பூரம் சுற்றிப் பூசணிக்காய் உடைத்து, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். பரசுராமன் உள்ளே ஏறி ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். டமால் என்று ஓர் உதை. பின்னால் வரவேண்டிய புகை முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று வந்தது. பழத்தை நசுக்க வேண்டிய லாரி, பழத்தைக் கண்டு மிரண்ட மாடு மாதிரிப் பின்பக்கமாகப் போக ஆரம்பித்தது.

“யோவ், ரிவர்ஸ்ல போவுதுய்யா, ஃபர்ஸ்ட்ல போடு!” என்று நான் அலற, “ஃபர்ஸ்ட்லதான் சார் கீது! இன்ஜினே தலைகீழா சுத்துது!” என்று அவன் அலற, கோவிந்தம்மாள் கடைப் பந்தலின் இரண்டு கால்கள் முறிந்த பிறகுதான் அவனால் இன்ஜினை நிறுத்த முடிந்தது. பம்பை அளவுக்கு மீறித் திருப்பிவிட்டால் இன்ஜின் எதிர்த்து உதைத்து இப்படிச் சுற்றுமாம். சொட்டு நின்றபின்னும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறான், நான் சித்தியிடம் இருந்திருக்கிறேன்.

எலுமிச்சம்பழம் இரண்டும் கண் மாதிரி ரோட்டில் முழித்துக்கொண்டு கிடந்தன. “முருகன் இந்த வண்டி வேணாம்னு தள்ளிட்டான்” என்று எவனோ சொன்னான். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே நமக்கு லோடு கொடுக்கும் தறிக்கார முதலாளி பாலசுப்பிரமணியன் ஆள் விட்டு, “ஊர் பாக்க வண்டி பழத்து மேல ஏறணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை லோடு கெடையாது, இனிமேலயும் கெடையாது” என்று சொல்லி அனுப்பினார். தங்கள் வீட்டு அடுப்புக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரு லாரி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “எங்கண்ணன் காலு சரியாவட்டும், அப்புறம் உங்க காலு இருக்குது” என்று காஞ்சனா அன்பாக ஆறுதல் சொல்கிறாள்.

பரசுராமன் மறுபடி டைமிங் வைத்துவிட்டான். இந்தத் தடவை சொட்டைப் பார்த்தவள் காஞ்சனா. நாளைக் காலை ஊர் முன்னால் மறு பூசை. வண்டிக்குப் பின்னால் நிற்க ஓர் ஈ காக்கை தயாராக இல்லை. நான் விவரம் தெரிந்தவன், பத்திரமாக வண்டிக்கு முன்னால் நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

தங்கள் கால் கூடவும், கோபம் குறையவும் தணிகைமலையானை வேண்டும்,
தங்கள் அடிமை,
எல்லப்பன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, நேரிலேயே கொண்டுவருகிறேன். இன்று காலை லாரி முன்னால்தான் போயிற்று. பழம் இரண்டும் சட்னி. ஊரே கைதட்டிற்று, வெள்ளிக்கிழமை லோடு உறுதி. நான் மட்டும் எகிறிக் குதித்துக் கால்வாயில் விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டேன். நம் லாரியில்தான் படுத்துக்கொண்டு வருகிறேன், அருமையாக இழுக்கிறது. தங்கள் பக்கத்துப் பாயைக் காலியாக வைக்கச் சொல்லவும். இனி எனக்குப் பயமில்லை பாவா. தாங்களும் எழுந்து துரத்த முடியாது, நானும் எழுந்து ஓட முடியாது.