அஞ்சு கட்டை லைட்டும் பேட்டரி கிடாரும்

உலகத்தில் உள்ள கவலையையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவைத்தால், "அய்யய்யோ, இது எங்களுதுல்லா" என்று ஓடிவந்து தலையில் தூக்கிக்கொள்ளக் கூடியவர் ஒரே ஒருத்தர்தான். பேட்டரி அண்ணாச்சி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பவர்லூம் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது தொழில். கிடார் வாசிப்பது ஆசை. எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் அவர் கிடார், நான் பாட்டு. குழுவுக்குத் தலைவர் அக்கார்டியன் வாசிக்கும் மாஸ்டர். தறி ஷெட் ஒன்றின் பின்பக்க அறையில்தான் ஒத்திகை. பக்கத்தில் தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்காது. அதனால்தான் அத்தனை வருஷம் ஒற்றுமையாக இருந்தோம்.

அண்ணாச்சியின் கவலைக்கு வேளை, பொழுது கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது எழுந்து போவார். பட்டறையில் சால்டரிங் அயர்ன் அணைத்தோமா என்று சந்தேகம் வந்திருக்கும். கச்சேரி இருக்கிற நாளில் காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். என்னை வெயிலுக்கு இழுத்து, "ஆன்னு சொல்லும் வே" என்று தொண்டையை எட்டிப் பார்ப்பார். "லேசா செவந்திருக்கே. ராத்திரி தயிர் சாப்பிட்டீரா?" என்று கேட்பார். சாப்பிடவில்லை என்றால் அதற்கும் கவலைப்படுவார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் டிரைவருக்கு அறிமுகப்படுத்துவார். நடுவழியில் இறங்கச் சொன்ன டிரைவர்களும் உண்டு.

இந்த மனிதரின் நிம்மதியைக் குலைத்த முதல் எதிரி ட்யூப்லைட். கோவில் கொடைத் திருவிழா என்றால் மேடையைச் சுற்றி மூங்கிலுக்கு மூங்கில் ட்யூப்லைட் கட்டியிருப்பார்கள். அண்ணாச்சி கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகிய உடனே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும்பும். நான் உருகி உருகிச் சோகப்பாட்டுப் பாடுவேன். எனக்குப் பின்னால் அது 'ம்' கொட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மாஸ்டர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "வே, நீரு கிடாரு வாசிக்கீரா, இல்ல டப்பாக்குள்ள வண்டு வளக்கீரா?"

அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்போதுதான் கடையநல்லூரில் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், வயிற்றுக்குள் பேட்டரி வைத்த கிடார் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் செய்தி கிடைத்தது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்த அண்ணாச்சி, ஒரு பகல் முழுக்க அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி பூட்டிக் கொடுத்தபோது அது வேலை செய்தது என்பதை அந்தத் துபாய்க்காரர் கடைசிவரை நம்பவில்லை.

அதன்பிறகு எங்களுக்குப் பாடம் ஆரம்பமானது. "கேளும் வே. சாதா கிடாருல கம்பிக்குக் கீழ காந்தம் இருக்கு. அத சுத்தி தலமுடி மாதிரி செம்புக்கம்பிய ஆயிரக்கணக்குல சுத்தியிருப்பான். சுத்து கூடுனா சத்தம் கூடும். ஆனா ட்யூப்லைட்டு எரைச்சலையும் சேத்துல்லா புடிச்சுக்கிடும்! இதுல அப்பிடியில்ல. சுத்த கொறைச்சிருதான். எரைச்சலுக்கு எடமே இல்ல. வார சத்தம் பூன கத்துத மாதிரிதான் வரும். அத பேட்டரிய வச்சு உள்ளயே பெருக்கி அனுப்புதான். எம்புட்டு நீளத்துக்கு வயரு போட்டாலும் சத்தம் மங்காது. இதுக்குப் பேருதான் ஆக்டிவ்."

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை. கிடாருக்குக் கட்டுவதா பெரிய காரியம்? தன் ஒரே கிடாரிலிருந்து காந்தமும் காயிலுமான பழைய பிக்கப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தானே கட்டிய காயிலையும் பழைய ரேடியோ சாமான்களையும் வைத்து ஓர் ஆக்டிவ் பிக்கப் செய்துவிட்டார். மனசாரச் சொல்கிறேன், அருமையாக இருந்தது. இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. நீள வயர் சோதனைக்காக ஷெட்டில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, தெருமுனை டீக்கடை வரை வயர் இழுத்துப் போய் அங்கே உட்கார்ந்து வாசித்தார். டீக்கடையில் ஸ்பீக்கர் இல்லை. ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சோதனை மாபெரும் வெற்றி என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரைச்சல் போனதும் கவலை எங்கே போகும்? பேட்டரிக்குள் போய்ப் புகுந்துகொண்டது. பாக்கெட் ரேடியோவுக்குப் போடுகிற சின்னச் சதுர ஒன்பது வோல்ட் பேட்டரி அது. கிடாரில் வயரின் பின்னைச் சொருகினால் போதும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் சர்க்யூட் பேட்டரியைக் குடிக்க ஆரம்பித்துவிடும். "பின்ன உருவுனீரா? பின்ன உருவுனீரா?" என்று தூக்கத்திலும் புலம்பியிருப்பார். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். சுள்ளென்று வலித்தால் முகம் மலரும். வலியில் சிரிக்கிற ஒரே மனிதரை நான் அப்படித்தான் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் சிவகிரியில் ஒரு சம்பந்தம் வந்தது. அண்ணாச்சிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அதற்கு முன் வந்த இடமெல்லாம் 'கச்சேரிக்காரன்' என்று தட்டிப்போயிற்று. இந்தப் பெண் பால்வாடியில் வேலை பார்க்கிறவள். அவளுக்குச் சம்மதம். அப்பா விவசாயி, அவர்தான் பிடி கொடுக்கவில்லை. "விஜயதசமி அன்னைக்கு எங்கூரு கோவில்ல ஒங்க கச்சேரி இருக்காம்லா. வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதுவும் போச்சுன்னா காயிலோட காயிலா நானும் கெடக்க வேண்டியதுதான்." நீளமாகக் கிடார் தனித்து வருகிற பாட்டாக ஒன்றைப் பொறுக்கி, அதை மட்டும் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தறிகளையெல்லாம் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, ஊரே அமைதியாக இருந்தது. எங்கள் அறையிலும் வாத்தியங்களை வரிசையாக வைத்தோம். அண்ணாச்சி தன் கிடாரைத் துணியால் துடைத்து, ஆம்ப்ளிஃபயரோடு வயரை மாட்டி வைத்தார். "முழு செட்டா இருந்தாத்தான் வே சாமிக்கு மரியாத" என்றார். அவசரத்துக்கு வைத்திருந்த மாற்றுப் பேட்டரியையும் பக்கத்தில் வைத்து, பக்தியோடு அதன் தலையில் குழைத்த சந்தனத்தை அப்பினார். சூடம் காட்டினோம். கன்னத்தில் போட்டுக்கொண்டவர், போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மாஸ்டர், பின்னு உள்ள இருக்கு."

"இருந்துட்டுப் போகுது."

"பேட்டரிய குடிச்சிரும் மாஸ்டர். ஒரே ஒரு நிமிசம், உருவிட்டு வந்துருதேன்."

"பூசையில வச்சத நாளைக்குக் காலைல மறு பூச முடியாம தொடுவீரா? சாமி குத்தம் ஆயிரும் வே! நல்ல காரியம் கூடி வார நேரத்துல?"

இந்தக் கடைசி வார்த்தைதான் அண்ணாச்சியைக் கட்டிப்போட்டது. பின்னைத் தொட்டால் தெய்வ குற்றம். தொடாவிட்டால் பேட்டரி காலி. பொழுது சாயும்வரை அறை வாசலிலேயே உட்கார்ந்து கிடாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் இருப்பார்களே, அந்த மாதிரி.

மறுநாள் காலை பூஜை முடிந்ததும் பாய்ந்து போய் பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்தார். முகம் மலரவில்லை. மாற்றுப் பேட்டரியை எடுத்தார். மின்சாரம் வருகிற இரண்டு முனையும் தலையில்தானே இருக்கிறது? ஈரச் சந்தனம் இரண்டுக்கும் நடுவே நிரம்பிப் படர்ந்து காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டு நாக்கில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"சந்தனம்தாம் வே ருசிக்கி."

பாதிக் கடைகள் திறக்கவில்லை. திறந்த கடையில் அந்த ரகம் இல்லை. சிவகிரி போய் இறங்கியும் தேடினோம், இல்லை. இருக்கிற அரை உயிர் பேட்டரியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவது பாட்டில் கிடார் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கரகரத்தது. அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்து இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மூன்றாவது பாட்டில் நின்றேவிட்டது.

அண்ணாச்சி என் காதருகே வந்தார். "தம்பி, டார்ச் லைட்டு பேட்டரி கட்டை இருந்தாலும் போதும். ஒண்ணுக்கு ஒன்ற வோல்ட்டு. ஆறு கட்டைய வரிசையாச் சேத்தா ஒம்பது. கேட்டுப் பாரும்."

மைக்கில் கேட்டேன். கூட்டத்தில் எத்தனையோ டார்ச் லைட் இருந்தது. ஒன்றும் அசையவில்லை. கச்சேரிக்காரனிடம் கொடுத்தால் திரும்பி வருமா என்று யோசித்திருப்பார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, முழங்கை நீளத்தில் ஒரு லைட்டைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி வந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் வைத்திருப்பது. அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"அது அவரு வே!"

"எவரு?"

"பொண்ணுக்கு அப்பா!"

"இந்தாரும், அஞ்சு கட்டைதான் இருக்கு. காணுமா?" என்றார் பெரியவர்.

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சுக்கு ஏழரைல்லா வருது! பொண்ணு கேட்டு வந்த எடத்துல ஏழரையா?" என்று முனகினார்.

"சும்மா இரியும் மாஸ்டர்" என்று சீறிய அண்ணாச்சி, ஐந்து கட்டையையும் செய்தித்தாளில் சுருட்டி, சட்டைப்பையில் இருந்த செம்புக்கம்பியால் இணைத்து, துண்டில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்னைச் சொருகினார். நாலு பக்கமும் ட்யூப்லைட். இரைச்சல் ஒரு துளி இல்லை. கிடார் கணீரென்று பேசியது. அண்ணாச்சியின் முகத்தில் கவலை இல்லாமல் நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அடுத்தது அந்தப் பாட்டு. ஒரு மாதம் உருட்டிய பாட்டு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினால், அண்ணாச்சி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர், அவர் மனைவி, பெண் மூவரும் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கெளம்புதாவ."

"ஒம்ம பாட்டு வருது அண்ணாச்சி. சத்தம் கேட்டா நின்னுருவாவ. ஆரம்பியும்."

"வயக்காட்டு வழில்லா. பூச்சி பொட்டு கெடக்கும். லைட்டு இல்லாம எப்பிடிப் போவாவ?"

"அண்ணாச்சி, இத விட்டா ஒமக்கு வேற வாய்ப்பு கெடையாது!"

நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மேடையிலிருந்து இறங்கிவிட்டார். ஓடிக்கொண்டே இடுப்புத் துண்டை அவிழ்த்தார்.

"இருக்கட்டும் வே, பொறவு வாங்கிக்கிடுதேன்" என்றார் பெரியவர்.

"வேண்டாம் மாமா. நீங்க மொதல்ல பத்திரமா வீடு போய்ச் சேருங்க."

இன்னும் நிச்சயமே ஆகவில்லை, பதற்றத்தில் மாமா என்று கூப்பிட்டுவிட்டார். கட்டைகளைத் தன் கையாலேயே லைட்டில் போட்டு, எரியவைத்து, அணைத்து, மறுபடி எரியவைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். நான் வேறு வழியில்லாமல் பாட ஆரம்பித்தேன். கிடார் வரவேண்டிய இடத்தை மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அக்கார்டியனால் நிரப்பினார். அண்ணாச்சி கழுத்தில் ஊமைக் கிடாரோடு, அந்த வெளிச்சம் வரப்பில் போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு லாரியைக்கூட அவர் டிரைவருக்குக் காட்டவில்லை. "கிடாரு வாசிக்கவே தெரியாதவன்னுல்லா நெனச்சிருப்பாரு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

சிவகிரியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அண்ணாச்சி கட்டிய மோட்டார்களெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன என்று ஊரில் பேச்சு. பிறகு ஒருநாள் ஒத்திகை நேரத்தில் அந்தப் பெரியவரே ஷெட் வாசலில் வந்து நின்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம். அண்ணாச்சி அவசரமாகக் கிடாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கிடாரு கிடீரெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் பெரியவர். "அன்னைக்கு எது கிடாரு சத்தம், எது இழுக்குத பொட்டி சத்தம்னே பிரிக்கத் தெரியல. ஆனா நாங்க இருட்டுல எப்பிடிப் போவோம்னு எங்க சொந்தக்காரன் ஒருத்தனும் இதுவரைக்கும் கேட்டதில்ல. எம்புள்ளைய இவரு கையில குடுத்தா நான் நிம்மதியா ஒறங்குவேன்."

தை மாதம் கல்யாணம். அண்ணாச்சி தாலி கட்டினார். முடிச்சு போட்டவர் விலகாமல், காயிலில் கம்பி இறுக்கம் பார்ப்பது போல அதை லேசாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பெண் சிரித்துவிட்டாள். பந்தலே சிரித்தது. அடுத்து நான் பாட வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குரல் வரவில்லை. மாலையும் கழுத்துமாக மணவறையிலிருந்து எழுந்து வந்த அண்ணாச்சி, "என்ன தம்பி, தொண்ட சரியில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டார். இந்த மனிதர் இனி நன்றாக இருக்க வேண்டுமே என்ற கவலை இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?