மாப்பிள்ளையின் ஈரலும் என் சாப்பாட்டு நேரமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் நலத்தில் பாதிக்கு மேல் இப்போது என் வலது விலாவுக்குக் கீழே இருப்பதால், அங்கே மிச்சமிருக்கும் நலத்தை அறிய ஆவல்.

இதை நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். மருத்துவமனையில் நீங்கள் தையலை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து என் கட்டிலருகே நின்றபோது, நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். "கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை, காத்து அடிக்குது" என்றுதான் வந்தது. நீங்களும் சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள், வெளிப்பக்கமாக. மூன்று மாதம் யோசித்து இப்போது எழுதுகிறேன்.

பதினோரு வருடம் நாம் பேசவில்லை. குற்றம் யாருடையது என்று இருவருக்குமே தெரியும் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் லிஃப்ட் ஆய்வாளர், நான் எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர். சொந்த மாப்பிள்ளையே ஆய்வுக்கு வருகிறார், கையெழுத்துப் போட்டுவிட்டு ஜூஸ் குடித்துவிட்டுப் போவார் என்று எல்லா வீட்டிலும் பெருமையடித்து வைத்திருந்தேன். நீங்களோ மேலே மோட்டார் அறைக்குப் போய் அரைமணி நேரம் கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு இறங்கி, "மச்சான், இந்தக் கம்பிக் கயிறு இன்னும் ஒரு மாசம் தாங்காது" என்று சொல்லிச் சிவப்பு முத்திரையை ஒட்டிவிட்டீர்கள். ஜூஸையும் தொடவில்லை. ஆறு மாடி. மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் மாடிப்படியில் நின்று, "நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்!" என்று கத்தினேன். நாற்பது நாள் கழித்துக் கயிறு மாற்ற வந்தவர் பழையதைக் காட்டியபோது அது துடைப்பம் மாதிரி பிரிந்து நின்றது. அன்றே போன் செய்திருக்கலாம். நீங்கள் முதலில் செய்வீர்கள் என்று காத்திருந்தேன். எதற்காக நீங்கள் செய்ய வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு என் வயிறு வீங்கியது. முதலில் சட்டைகளைச் சந்தேகித்தேன், அடுத்துச் சலவைக்காரரை. கால்களும் வீங்கியபோதுதான் ஈரல் டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஈரல் முழுக்கத் தழும்பு என்றார். "குடிப்பீங்களா?" என்று கேட்டார். ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். முப்பத்துநான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், "வீட்ல இல்லைங்க. ஆபீஸ்ல என்ன பண்ணாருன்னு நான் எப்படிங்க சொல்ல முடியும்?" என்றாள். அன்று சாயங்காலம் என் பழைய ஆபீஸ் பையை அவள் முகர்ந்து பார்த்ததைக் கண்ணால் கண்டேன்.

டாக்டரம்மாதான் என் மானத்தைக் காப்பாற்றினார். பத்திரிகையில் முப்பது வருடம் இரவுப் பணியில் பிழை திருத்தியவன் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே மரபணுக்கள்தான் சார் இருக்கு. எதை எப்போ முடுக்கணும், எதை அடக்கணும்கிறதுலதான் ஈரலோட வேலையே இருக்கு. சாப்பிட்டா, சேமிச்சு வைக்கிற மரபணுக்களை முடுக்கும். வயிறு காஞ்சா, சேமிச்சதை எடுத்துக் குடுக்கிறதை முடுக்கும். நீங்க வேலை நேரத்துல என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பன், சர்க்கரை தூக்கலா ஒரு டீ."

"அப்போ சேமிக்கிறது அடங்கவே இல்ல. தூங்க வேண்டிய நேரத்துலயும் கொழுப்பைக் கட்டிக்கிட்டே இருந்திருக்கு. அதோட உங்க குடும்பத்து மரபணு ஒண்ணுல ஒரு எழுத்து மாறியிருக்கு. ரெண்டும் சேர்ந்து, கொழுப்பு தேங்கி, புண்ணாகி, தழும்பாயிடுச்சு."

ஊரார் எழுத்துப் பிழையையெல்லாம் திருத்திய எனக்குள்ளேயே ஒன்று அறுபது வருடமாகத் தப்பியிருக்கிறது! டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேறு ஈரல் வைக்காவிட்டால் ஒரு வருடம் தாங்காது என்றார். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை மாப்பிள்ளை, என் ஈரக்குலை அப்போது நடுங்கிய நடுக்கத்தில், அது இன்னும் வேலை செய்கிறது என்று ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

தங்கைதான் முதலில் ஓடிவந்தாள். சோதித்துப் பார்த்தால் அவளுக்கும் அதே எழுத்து, ஈரலில் அதே கொழுப்பு. எடுக்க முடியாது என்றார்கள். "குடுக்கலாம்னு வந்தா என்னோடதும் அதே மாதிரிங்கிறாங்க அண்ணா" என்று நடையில் உட்கார்ந்து அழுதாள். அவள் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நீங்கள், "என்னோடதப் பாருங்க" என்றீர்களாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யாரோ ஒரு நல்லவர் தருகிறார் என்றுதான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அறுவைக்கு முந்தைய நாள் உண்மை தெரிந்ததும், வேண்டவே வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். பதினோரு வருடத்தில் முதல் பேச்சு.

"மச்சான், ஆய்வு முடிஞ்சிடுச்சு. உங்களோடது தாங்காது. என்னோடது நல்லா இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அதற்கு முன் ஒப்புதல் படிவத்தில் இருந்த இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். "சார், பயமா இருந்தா அழுதுடுங்க, படிவத்தை விட்டுடுங்க" என்றார் நர்ஸ். அந்த அம்மாள் சொன்ன முதல் பாதியையும் செய்தேன்.

கண் விழித்த பிறகுதான் புதுக் குழப்பம். விடியும்போதே விழிப்பு வருகிறது, துண்டை நாலாக மடிக்கிறேன், யாராவது ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் எரிச்சல் வருகிறது. மாப்பிள்ளையின் குணம் எனக்குள் ஏறுகிறது என்று டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். "அது ஆஸ்பத்திரி சார். யாருக்கும் வரும்" என்றார். ஆனால் அடுத்து அவர் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. வெட்டிய சில மணி நேரத்திலேயே உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் சும்மா கிடந்த மரபணுக்கள் முடுக்கிக்கொண்டு, ஈரல் வளரத் தொடங்கிவிட்டதாம். தேவையான அளவு வந்ததும் அவையே அடங்கிவிடுமாம். போதும் என்று எங்கே நிறுத்துவது என்பது ஈரலுக்குத் தெரிந்திருக்கிறது. மாடிப்படியில் நின்றவனுக்குத் தெரியவில்லை.

"அப்போ எங்க குடும்பத்து எழுத்து போயிடுச்சில்ல?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஈரலுக்குள்ள இருக்கிறது அவரோட மரபணுதான். ஆனா சாப்பிடுறது நீங்க. பழையபடி பன்னும் டீயுமா போனா, இதுவும் கொழுப்புக் கட்டும்."

ஆகவே மாப்பிள்ளை, ஏழு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. என் உடம்பாக இருந்தால் ஏமாற்றியிருப்பேன். இரவல் பொருளை எப்படிக் கெடுப்பது? தங்கைக்கு இந்தக் கொழுப்பு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதும் நல்லதுதான். எனக்காகச் சோதிக்கப் போகாவிட்டால் அவளும் என் வழியில்தான் வந்திருப்பாள். தினமும் அவளோடு நீங்களும் நடக்கிறீர்களாமே, கேட்டபோது கண் கலங்கியது. மாடிப்படியில் சொன்ன அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன். உங்களுக்கு என் வணக்கமும், தங்கைக்கு என் ஆசியும். இருவரும் நூறு வயது நடங்கள். எத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் இனி நீங்கள் எனக்கு அந்நியர் ஆக முடியாது, மருத்துவப்படியே.

இப்படிக்கு,
உங்கள் ஈரலின் பொறுப்பாளர், மச்சான்.

பி.கு.: நேற்று ராத்திரி உறையை ஒட்டும் நேரத்தில் தங்கை போன் செய்தாள். எங்கள் கட்டடத்திலேயே, எங்களுக்கு நேர் கீழ்வீட்டை நீங்கள் வாடகைக்குப் பேசி முடித்துவிட்டீர்களாம். "குடுத்தது ஒழுங்கா இருக்கான்னு பக்கத்துல இருந்து பாக்கணும்" என்று காரணம் வேறு சொன்னீர்களாம். மாப்பிள்ளை, மேலே எழுதியது எல்லாம் ஒன்பது கிலோமீட்டர் தூரத்தை மனதில் வைத்து எழுதியது. நன்றி வேறு, தினமும் முகத்தில் விழிப்பது வேறு. இதை நம்பிக் குடிவர வேண்டாம். ஒரே வாரத்தில் மறுபடி பேசாமல் போய்விடுவோம். அப்படியும் வருவதென்றால் சனிக்கிழமை வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வராது. பெரிய அறையில் வெயில் அடிக்கும், தங்கைக்கு ஆகாது, உள் அறையில் கட்டிலைப் போடச் சொல்லுங்கள். சன்னல்களை இன்று காலையே நான் போய்த் துடைத்துவிட்டேன்.