ரைஸ் டைம்: எட்டு

கொஞ்சம் தெரிந்தவனால் வரும் நாசத்தை விட, கேட்டால் அசிங்கம் என்று நினைப்பவனால் வரும் நாசம் பெரிசு. எட்டாங்கிளாசோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிக்கிறேன். என் பெண்டாட்டி கவிதா சிப் டிசைன் இன்ஜினீயர். (ஜாதகம் பார்த்தவரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.)

வேலை பெங்களூர் கம்பெனியில். வீட்டிலிருந்தே செய்தாள். ஒரு நாள் மூணு மணி மீட்டிங்கில் அவள் சர்க்யூட்டை ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் வீட்டிலேயே இருக்கலாம். சொதப்பினால் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கென்று பார்த்து என் மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டத் தருமபுரி போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். திரும்பும்போது பஸ்சிலிருந்து போன்.

"ஏங்க, லேப்டாப்ப தொறங்க. 'பல்ஸ்'னு இருக்குதா?"

"இருக்குது. யாருக்குப் பல்ஸு, உங்கம்மாவுக்கா?"

"வாய மூடிட்டு சொல்றத போடுங்க. அது சர்க்யூட்டுக்குள்ள அனுப்புற சிக்னலு. மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஓடணும். மத்ததெல்லாம் போட்டுட்டேன், மூணு கட்டம்தான் பாக்கி. வோல்டேஜ் ஒண்ணு பாயிண்ட் எட்டு."

"ஒண்ணே முக்காலா? அதுல டார்ச் லைட்டே எரியாதே புள்ள! நம்ம போர் மோட்டாருக்கே..."

"போடுங்கன்னா! அடுத்து ரைஸ் டைம், அதுக்குக் கீழ ஃபால் டைம். ரெண்டுலயும்..."

போன் கட். சிக்னல் போடச் சொன்னவளுக்கே சிக்னல் இல்லை.

திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். எடுத்தது பதிவு பண்ணின குரல்தான். பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருந்தது. கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய கம்பெனிக்காரன் சோறு தின்கிற நேரம் கேட்கிறான், அதற்குக்கூடப் பதில் சொல்லத் தெரியாதா எனக்கு?

யோசித்தேன். மத்தியானம் எங்கள் வீட்டில் களி. அது ரைஸ் ஆகாது. (பொய் எழுதி அவள் வேலைக்கு உலை வைக்கக்கூடாது பாருங்கள்.) ராத்திரிதான் சோறு. போட்டேன்: எட்டு. ஃபால் டைம்? தின்றுவிட்டுக் கட்டிலில் விழுகிற நேரம். ஒன்பது. 'ரன்' பட்டனை அமுக்கிவிட்டு, பாதிச் சம்பளம் எனக்குத்தான் என்கிற தோரணையில் டீ குடிக்கப் போனேன்.

மூணு மணிக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாள். "போட்டுட்டீங்களா?" "போட்டாச்சு." அவ்வளவுதான் பேச நேரம். திரையில் மேனேஜர் வந்துவிட்டார். ஓசூர்க்காரர். கவிதா ரிசல்ட்டைத் திறந்தாள்.

ஒரே கோடு. படுத்த கோடு. மார்க்கெட்டில் தக்காளி விலைகூட ஏறி இறங்கும், இது அசையவில்லை. ஐ.சி.யூ.வில் இப்படிக் கோடு வந்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

"என்னம்மா இது, ரைஸ் டைம் எட்டு செகண்டா?" என்றார் மேனேஜர். "சிக்னல் ஏர்றதுக்கு எட்டு செகண்டு எடுத்துக்கிட்டா விளங்குமா? அது நானோசெகண்டுல ஏறணும். கண்ணு மூடித் தொறக்கறதே அதுக்கு ஒரு யுகம்!"

கவிதா முகம் வெளுத்தது. அவளைக் காப்பாற்ற நினைத்து, தோளில் துண்டோடு கேமரா முன்னால் தலையை நீட்டினேன்.

"சார், அது செகண்டு இல்லீங்க. மணி. ராத்திரி எட்டு மணிங்க."

"என்னது?"

"மத்தியானம் நாங்க களிங்க. ராத்திரிதான் ரைஸு."

மேனேஜர் திரைக்குக் கிட்டே குனிந்து கேட்டார்: "அப்ப ஃபால் டைம் ஒம்பது?"

"அது படுக்கையில விழற நேரமுங்க. லோடு இருந்தா முன்னப்பின்ன ஆகும்."

அந்தப் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அவர்கள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கவிதா, உங்க சர்க்யூட்டுல ஒண்ணும் தப்பில்ல. வூட்ல இருக்கற இன்புட்டுதான் சரியில்ல. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் வந்து ஓட்டிடுங்க."

வேலை தப்பித்தது. நான் மாட்டினேன். அந்த ரெண்டு நாளும் அவள் விடிகாலை ரயிலேறி ராத்திரிதான் வருகிறாள். உலை வைப்பது நான். எனக்குக் களி கிண்டவும் வராது, சோறுதான். திரும்பும்போது ரயில் ராயக்கோட்டை தாண்டியதும் போன் வரும்.

"ஏங்க, ரைஸ் டைம் என்ன?"

"எட்டு."

ரயில் சத்தத்துக்கு மேல் கேட்பாள்:

"செகண்டா, மணியா?"