பதினோரு விளக்குகளும் பதினாலாம் நம்பர் பஸ்ஸும்

என்றும் என் மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடும் தங்கள் ஒரே தம்பி, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் தங்கள் மருமகள் குருவியும் சுகம். சமையலறைக் குழாய் மட்டும் சுகமில்லை, அதன் விவரம் கீழே வருகிறது. தாங்களும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்து ஆயிற்று, பரீட்சை முடிந்த கையோடு குருவியை அனுப்பிவை, இங்கிலீஷில் மட்டும் நல்ல மார்க் வாங்கிவிட்டால் இந்த ஊர்க் கல்லூரியில் இடம் நிச்சயம் என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் பெரிய மனதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்! ஆனால் பரீட்சைக்கு இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கிறது, பெண் தயாராக இல்லை என்பதைத் தகப்பன் என்ற முறையில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். காரணங்களை நடந்த வரிசைப்படி கீழே தருகிறேன்.

முதலாவது, மூன்றாம் மாடி ட்யூஷன் டீச்சர். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த அம்மாளின் பாடமுறை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் போனதும் முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்கக்கூடாதாம், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். பிறகு எதைக் கையில் கொடுத்தாலும் மூன்று கேள்வி. எழுதினவர் என்ன சொல்கிறார், என்ன சொல்லாமல் விட்டார், எந்த வார்த்தை அவரைக் காட்டிக்கொடுத்தது? இலக்கியத் தாளுக்கும் இதுதான், மொழித் தாளுக்கும் இதுதான். இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கட்டுரையை வீட்டில் ஒரு பெரியவரும் கூடவே எழுத வேண்டும், அதைப் பிள்ளைதான் திருத்தி நாற்பதுக்கு மார்க் போட வேண்டும். மார்க் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரியுமாம். எங்கள் வீட்டில் பெரியவர் என்று வேறு யார் இருக்கிறார்? "ஒரு காலைப் பொழுது" என்று முதல் கட்டுரை. என் அரைகுறை இங்கிலீஷில் முழு மூச்சாக எழுதினேன். ஐந்து நாற்பதுக்கு எழுந்தது, ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பால் வாங்கியது, ஆறு பத்துக்குப் பஸ் ஏறியது, ஒன்றையும் விடவில்லை. உங்கள் மருமகள் சிவப்புப் பேனாவை எடுத்து நாற்பதுக்கு ஒன்பது போட்டாள். கீழே ஒரு வரி: "நேரம் இருக்கு, மனுஷன் இல்லை." பெற்ற தகப்பனுக்கு, அக்கா!

இரண்டாவது, கவிதை. பாடத்தில் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை இருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு வீடு, அதில் ஒரு ஆள். சாயங்காலம் ஆனால் ஏரியைச் சுற்றி எரிகிற வீட்டு விளக்குகளை எண்ணுவான். தினமும் பதினொன்று. எண்ணி முடித்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துபோவான், அவ்வளவுதான் கவிதை. இதில் பரீட்சையில் கேட்க என்ன இருக்கிறது என்று நான் முதலில் சிரித்தேன். குருவி அதை மனப்பாடம் பண்ணுகிறேன் என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து சொன்னதில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போ நான் வேலை முடிஞ்சு பஸ்ஸில் வரும்போது வழியில் இருக்கிற குடியிருப்புகளில் விளக்கு எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டே இரண்டு நாள் நம்ம நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன். அந்த வண்டிக்கு நேரம் போட்டவனே நான்! கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை விவரிச்சா நாற்பதுக்கு முப்பது வாங்கலாம்.

குழாய்க்கு வருகிறேன். மேற்கோள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கணும் என்று டீச்சர் சொன்னாலும் சொன்னாங்க, இவள் வீடு பூராவும் சீட்டு ஒட்டிட்டா. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். கண்ணாடியில் ஒண்ணு, ஃபிரிட்ஜில் நாலு, சர்க்கரை டப்பாவில் ஒண்ணு. சமையலறைக் குழாய்க்கு மேலே அவளுடைய பாடக் கதையிலிருந்து ஒரு வரி: "கிளம்பிப் போகிறவர்களுக்குத் தெரியாது, கதவு எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருக்கும் என்று." குழாய் சொட்டுதேன்னு பிளம்பரைக் கூப்பிட்டேன். ஆள் நல்ல ஆஜானுபாகு. ஸ்பானரைப் பூட்டினார், நிமிர்ந்தார், சீட்டைப் படிச்சார், அப்படியே நின்னுட்டார். "இது யார் சார் எழுதினது?" என்றார். பாடப் புத்தகம் என்றேன். "எம் பையன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார், போன வாரம்தான் கப்பல்ல இருந்து போன் பண்ணினான், நான் சரியாவே பேசலை" என்றார். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு, போன் பண்ண மாடிப்படியில் போய் உட்கார்ந்தவர்தான், அப்படியே வீட்டுக்குப் போயிட்டார். குழாய் இன்னும் சொட்டுது. நானும் வேற ஆளைக் கூப்பிடலை. சாயங்காலம் அந்தச் சத்தம் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு.

இனி என் வேலைக்கே வந்த சோதனையைக் கேளு. போன மாசம் "காத்திருக்கும் இடம்" என்று கட்டுரை. ஒன்பது மார்க் அவமானம் உள்ளுக்குள்ளே அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, இந்தத் தடவை விடக்கூடாதுன்னு மதிய இடைவேளையில் டிப்போவிலேயே உட்கார்ந்து எழுதினேன். எங்க அறையில் ரெண்டு தட்டு உண்டு. இடது தட்டில் போடுறது எனக்கு, வலது தட்டில் போடுறது அச்சுக்கு. அச்சுப் பிரிவில் இருக்கிறவங்க இருபது வருஷமா எதையும் படிச்சதில்லை, தட்டில் இருந்தா அடிப்பாங்க. எழுதி முடிச்ச மயக்கத்தில் நான் எந்தத் தட்டில் வெச்சேன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும். திங்கட்கிழமை காலையில் பதினாலாம் நம்பர் பஸ் நிற்கிற பத்தொன்பது நிறுத்தத்திலும், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே, அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் என் அரைகுறை இங்கிலீஷ் கட்டுரை! தமிழில் சொன்னா: "ஏழு பத்துக்கு வரவேண்டியது வரவில்லை. பெஞ்சில் ஆள் இல்லை, ஒரு குடை மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க யாரும் வரவில்லை. சாலை வளைவில் வெளிச்சம் தெரிந்தது. பஸ் என்று எழுந்து நின்றேன். காலைதான் வந்துகொண்டிருந்தது."

ஜனங்க நின்னு படிச்சிருக்காங்க. படிச்சுக்கிட்டிருக்கும்போதே பஸ் வந்து போயிருக்கு. டிரைவர், ஏறுறதுக்கு ஆளே இல்லை, எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்கன்னு எழுத்து மூலமா புகார் கொடுத்துட்டார். மேலாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டு, மெதுவா, "அந்தக் குடை யாருது?" என்றார். தெரியாது சார்னு சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்றதுக்கென்ன, அது குருவியோட அம்மாவுடையது. அவள் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆச்சு, குடை இன்னும் கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது, அதை எடுக்கவும் கை வரலை, விரிக்கவும் கை வரலை. அன்னைக்குச் சாயங்காலம் அட்டவணையை மாத்திட்டு, அந்தக் காகிதத்தைக் குருவிகிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வெச்சுக்கிட்டிருந்தா. நாற்பதுக்குப் பத்தொன்பது. "முதல் தடவையா பஸ் வரலைன்னு எழுதியிருக்கே. முன்னேற்றம்" என்று போட்டா.

இதெல்லாம் போகட்டும், மாதிரிப் பரீட்சைக்கு வா. போன சனிக்கிழமை டீச்சர் வீட்டில் ரெண்டு மணி நேரம். நான் வாசல்ல நின்னு, கதவிடுக்கு வழியா, கையில் கடிகாரத்தோட பார்த்தேன். மத்த பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சு எழுதுதுங்க, உன் மருமகள் முதல் இருபத்தாறு நிமிஷம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தா! இருபத்தாறு! அந்த நேரத்தில் பதினாலாம் நம்பர் டிப்போவிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடும். அப்புறம் பேனாவை எடுத்து, அந்தப் பதினோரு விளக்கைப் பத்தி மட்டும் நாலு பக்கம் எழுதினா. மார்க் எவ்வளவுன்னு கேட்காதே, அது இங்கே முக்கியமில்லை. இப்படிக் கனவு கண்டுக்கிட்டிருக்கிற பொண்ணு அத்தனை பெரிய ஊரில் எப்படித் தெருவைக் கடப்பா, எந்த பஸ்ஸில் ஏறுவா, சாப்பிட்டாளான்னு யார் கேட்பாங்க? நீ கேட்பே, சரி. ஆனாலும் யோசிக்கணுமில்லையா?

அதனால் ஒரு சின்ன உதவி. இந்த வருஷம் எழுதலை, அடுத்த வருஷம் எழுதுறோம்னு சொல்ல ஒரு ஃபாரம் இருக்கு. வாங்கி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ளே கொடுக்கணும். நானா சொன்னா அவள் கேட்க மாட்டா. நீ ஒரே ஒரு வரி எழுதிடு, மாடி அறை ஒழுகுது, இந்த வருஷம் ஆள் தங்க முடியாதுன்னு. பொய்தான். ஆனா பெரியவங்க சொன்னா பொய்க்கும் ஒரு மரியாதை உண்டு. ஒரு வருஷம்தானே அக்கா, ஓடியே போயிடும். அவளுடைய நன்மையை மட்டுமே மனதில் வைத்து இதை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் இருவர் ஆசியும் எங்கள் இருவர் தலைமேலும் எப்போதும் இருக்கட்டும். தங்கள் பதில் எந்தத் தபாலில், எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டு வாசலில் நிற்கும்,

தங்கள் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: அத்தை, இது நான் குருவி. சிவப்பு மை பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். அப்பா கையெழுத்துப் போட்டுட்டு மேஜையிலேயே கன்னத்தை வெச்சுத் தூங்கிட்டார். இந்த வீட்டில் ஒரு பக்கத்துக்கு மேலே யார் எழுதினாலும் நான் திருத்தணும், அது டீச்சர் ரூல். திருத்திட்டேன். எழுதினவர் சொல்றது: பொண்ணு தயாரா இல்லை. சொல்லாம விட்டது: மாதிரிப் பரீட்சையில் நான்தான் முதல். அந்த நாலு பக்கத்தை டீச்சர் எல்லார் முன்னாலேயும் படிச்சாங்க, கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு அப்பாவும் கேட்டார், மூக்கை உறிஞ்சின சத்தம் உள்ளே வரைக்கும் வந்துச்சு. காட்டிக்கொடுத்த வார்த்தை: 'சின்ன உதவி'. அதுக்கு முன்னாடியே 'தாங்கள்' எல்லாம் போய் 'நீ' வந்துடுச்சு. பயந்தா அப்பா அப்படித்தான். ஃபாரம் அவர் சட்டைப் பையில் மடிச்சிருக்கறது எனக்குப் பத்து நாளாத் தெரியும், துணி துவைக்கறது யாராம்? ஏரிக்கரை ஆள் ஏன் பதினொண்ணு எண்ணினான்னா, பன்னிரண்டாவது அவன் வீட்டு விளக்கு. அதுக்கடியிலேயே உட்கார்ந்திருந்தா எண்ண வராது. அப்பாவும் என்னைப் பத்தின பயம் எல்லாத்தையும் வரிசையா எண்ணிட்டார், அவருக்கு இருக்கற பயத்தை மட்டும் எண்ணலை. தமிழில் எழுதினா அப்பா ரொம்ப நல்லா எழுதறார். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. ரெண்டு மார்க் அந்த எண்ணாம விட்ட பயத்துக்குத்தான் குறைச்சிருக்கேன். தூங்கி எழுந்ததும் கொடுப்பேன், அவரே தபாலில் போடட்டும், இல்லேன்னா கிழிக்கட்டும்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அக்கா, எழுந்து படித்தேன். மணி பார்க்கவில்லை. கடிதத்தில் இடம் தீர்ந்துவிட்டதால் அந்த ஃபாரத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன், இனி அதை யாரிடமும் கொடுக்க முடியாது. அந்த ரெண்டு மார்க்கை விட எனக்கு மனசு வரலை. எனக்குப் பயமா இருக்கு அக்கா. அவள் போயிட்டா இந்த வீட்டில் குழாய் மட்டும்தான் பேசும். போதுமா, எழுதிட்டேன், நாற்பது போடச் சொல்லு. மாடி அறையில் கட்டிலை ஜன்னல் பக்கமாப் போடு, அவள் அப்படிப் பார்த்துத்தான் யோசிப்பா. கதவுக்குப் பின்னால் இருந்ததை இன்னைக்குத்தான் எடுத்து விரிச்சுப் பார்த்தேன், ஒரு கம்பிகூட வளையலை. அறை நிஜமாவே ஒழுகினாலும் ஒழுகட்டும், குடையோடதான் அனுப்பறேன்.