அரை மணிக்கு ஒரு பிரஷர்

என் மனைவியால்தான் எனக்கு பிரஷர் ஏறுகிறது என்பதை விஞ்ஞான பூர்வமாக நிரூபித்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த உண்மை எனக்குத் தெரியும். ஆதாரம்தான் இல்லை.

ஆதாரத்தை டாக்டரே கையில் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் அளந்தால் பயத்திலேயே ஏறிவிடுகிறதாம். அதனால் ஒரு நாள் முழுக்க வீட்டில் அளக்க வேண்டுமாம். இடது கையில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பெட்டி. அரை மணிக்கு ஒரு தடவை 'பீப்' என்று கத்திவிட்டுக் கையை இறுக்கும். அப்போது என்ன நடந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். எண்களை மறுநாள் டாக்டர்தான் பார்ப்பார்.

எனக்குப் பத்து நாள் லீவு. வீடு முழுக்க நானே பெயிண்ட் அடிக்க வேண்டுமென்று என் மனைவி நாலு டப்பா வாங்கி அடுக்கிவிட்டாள். 'இவரைத் திட்டக் கூடாது, வேலை வாங்கக் கூடாது' என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நான் தப்பித்தேன்.

பீப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஏதாவது தப்புச் செய்வது. திட்டு வாங்குவது. பிரஷர் எகிறுவது. இவ்வளவுதான் திட்டம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஈரத் துண்டைக் கட்டில்மேல் வீசினேன். அவள் எடுத்துக் கொடியில் போட்டாள். சிரித்தாள்.

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்னங்க சொல்லணும்?"

"ஈரத் துண்டு... கட்டில்மேல..."

"இருக்கட்டுமே. நம்ம கட்டில்தானே?"

பீப்.

"கையை அசைக்காதீங்க. நோட்டைக் குடுங்க, நானே எழுதறேன்."

அடுத்த பீப்புக்குப் பெரிய ஆயுதத்தை எடுத்தேன்.

"உங்க அண்ணனுக்கு மூளைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இந்த வாக்கியத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு ஒரு கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தேன். "கால்ல குத்திடப் போகுது, பாத்து வாங்க" என்றாள். மதியம் எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்திருந்தாள். ஒரு வாய் இறங்கவில்லை. எதைக் கண்டுபிடித்துவிட்டாள்? மீட்டிங் என்று பொய் சொல்லிப் போன சினிமாவையா? அவள் ரோஜாச் செடியில் வெந்நீர் ஊற்றியதையா? அது நடந்து நாலு வருஷமாச்சே!

நாலு மணிக்குக் கெஞ்சியே விட்டேன்.

"என் மேல கோபமா?"

"சேச்சே."

"ஒரே ஒரு தடவை திட்டிடேன்!"

"உங்களையா? எதுக்குங்க?"

பீப்.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவம் தூக்கினார்.

"பகல் பூரா நூத்தி அறுபதுக்குக் கீழ இறங்கவே இல்லையே?"

"வீட்டுல மன உளைச்சல், டாக்டர்" என்றேன், பக்கத்தில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி. ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

டாக்டர் நோட்டைப் படித்தார். "துண்டு. திட்டவில்லை. அண்ணனை ஏசினார். ஒப்புக்கொண்டேன். டம்ளர். திட்டவில்லை. நாலு மணி, திட்டச் சொல்லிக் கெஞ்சினார், மறுத்துவிட்டேன்... அடேயப்பா, அப்பதான் நூத்தி எழுபத்தெட்டு! ஆறு மணிக்கு மட்டும் நூத்தி இருபத்திரண்டு. அப்ப என்ன ஆச்சு?"

"துடைச்ச தரையில சேத்துக் காலோட வந்தாரு, டாக்டர். என்னையும் மீறி ரெண்டு நிமிஷம் திட்டிட்டேன்."

உண்மைதான். அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டிருந்தேன்.

டாக்டர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். என் கையெழுத்து. '9.25 துண்டு. 9.55 அண்ணன். 11.25 டம்ளர்.' மறக்காமல் இருக்க எழுதிவைத்தது!

"நேத்துக் காலையிலேயே பாத்துட்டேன்" என்றாள் என் மனைவி, அடக்கமாக.

டாக்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "அம்மா, நீங்க பேசாம இருந்தா இவருக்கு ஆகாது. வழக்கம்போலத் திட்டுங்க. உடம்பு அசைஞ்சு வேலையும் செய்யட்டும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி அளப்போம்."

"சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, டாக்டர். அப்புறம் நான் சொன்னா நம்பமாட்டாரு. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். காலை, மதியம், இரவு மூன்றிலும் டிக் போட்டார்.