நான் இறந்துபோன ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் தங்கைக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. உங்கள் நலத்தை விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். விஷயம் என்னவென்றால், சென்ற ஞாயிறு காலை பத்தேகாலுக்கு நான் இறந்துபோனேன். பதற வேண்டாம்.

என் மகள் தனி வீடு பார்த்துப் போனதிலிருந்து என்னிடம் பேசுவது "சாப்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" இரண்டே கேள்விதான் என்பது உங்களுக்குத் தெரியும். அவளே போன் செய்து, "அப்பா, எங்க ஆட்டத்துல ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" என்றதும், என்ன ஆட்டமென்று கேட்காமலே சரி என்றுவிட்டேன். போனால் பூங்காவில் நாற்பது பேர் ராஜா ராணி வேஷத்தில் நிற்கிறார்கள். மேடை கிடையாது, வசனம் கிடையாது, சாயங்காலம் வரை அந்தந்த ஆளாகவே நடந்துகொள்ள வேண்டுமாம். எனக்குக் கோட்டைக் காவலன் வேஷம். மகள் எதிரிப் படைத் தலைவி. உங்கள் தங்கை கொடுத்த ஜன்னல் திரைதான் என் அங்கி. வளையங்களைக் கழற்ற மறந்ததால் நடந்தால் கிலுகிலு என்று சத்தம்.

முப்பது வருஷம் நூலக வாசலில் அட்டை பார்த்து ஆளை உள்ளே விட்ட கை சும்மா இருக்குமா? எங்கள் ராணியையே மறித்து, "ராணியா இருந்தா என்னம்மா, கையெழுத்து போட்டுட்டு போ" என்றேன். அந்தம்மா ஆட்டத்துக்கு வெளியே பல் டாக்டர், முறைத்துக்கொண்டே போட்டாள். அடுத்து ஒரு கூட்டம் ஒழுங்காக வரிசையில் வந்து, முத்திரை வைத்த கடிதம் நீட்டியது. என்ன மரியாதை என்று பூரித்து உள்ளே விட்டேன். அதுதான் எதிரிப்படை. கோட்டை போச்சு. மகளே ஸ்பாஞ்சு வாளால் என்னை ஒரு குத்து.

செத்தவர்கள் வைத்தியர் வேஷக்காரர் வந்து தொடும்வரை எழவோ வாய் திறக்கவோ கூடாது என்று ஆட்டத்தின் சட்டம். எங்கள் வைத்தியர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் புல்லில் மல்லாந்து கிடந்ததைப் பார்த்த யாரோ நடைப்பயிற்சிப் பெண்மணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் நாடி பிடித்து, "ஐயா, என்ன பண்ணுது?" என்றார். பாவம் என்று மெல்ல, "நான் செத்துட்டேன் தம்பி, பேசக் கூடாது" என்றேன். உடனே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள்.

மகள் வாளோடு ஓடி வந்தாள். "அப்பா, எந்திரிங்கப்பா!"

"வைத்தியர் தொடாம எந்திரிச்சா ஆட்டம் செல்லாதே?"

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள், மச்சான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஆம்புலன்ஸ்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி என்னை இறக்கி, ஆட்டத்தைப் பாதியில் விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தாள். பாதி நேரம் நான் காவல் காத்த லட்சணம் பற்றித்தான், இருந்தாலும் பேசினாள்.

ஆனாலும் என் வயசுக்கு இதெல்லாம் தேவையா? இனி அந்தப் பூங்காப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். இது உறுதி.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகள் நூறாண்டு நடுவில் சாகாமல் வாழ ஆசி.

இப்படிக்கு,
உயிரோடுள்ள உங்கள் மாப்பிள்ளை

பி.கு: மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். மகள் இப்போதுதான் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு நான் அமைச்சர். மகளுக்கு நாட்டைக் காட்டிக்கொடுக்கும் துரோகியாம்! உங்கள் பச்சைச் சால்வையை உடனே அனுப்பவும். ரத்தக்கறை படாது என்று உறுதி சொல்ல முடியாது.